தசையிலுள்ள கிளைக்கோஜனைச் சாயம் போட்டு அளக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் முதுகலை மாணவர். எலிகளை நீந்தவிட்டு, நீச்சலுக்கு முன்னும் பின்னும் தசையில் எவ்வளவு கிளைக்கோஜன், அதாவது குளுக்கோஸ் அலகுகளால் ஆன சேமிப்புச் சர்க்கரை, இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய திட்டம். கையில் இருப்பது ஒரு பி.ஏ.எஸ். (பெர்அயோடிக் அமிலம்–ஷிஃப்) சாயக் கிட், கேமரா பொருத்திய மைக்ரோஸ்கோப், அவ்வளவுதான். ஒரே எலியின் தசை என்றாலும் திங்கட்கிழமை போட்ட ஸ்லைடு அடர்த்தியாகவும் வியாழக்கிழமை போட்டது வெளிறியும் வருகிறதாம். பக்கத்து மேசை நண்பர் 'பெஸ்ட் கார்மைன் போடு, அதுதான் கிளைக்கோஜனுக்கே உரிய சாயம்' என்கிறாராம். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளைக்கோஜன் எந்தத் தசை இழையில் இருக்கிறது, எதில் இல்லை என்பதை பி.ஏ.எஸ். மிக நன்றாகக் காட்டும். ஒரு கிராம் தசையில் எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். உங்கள் ஆய்வு இரண்டில் எதைக் கேட்கிறது என்பதை முடிவு செய்யாமல் சாயத்தை மாற்றிப் பயனில்லை.

இப்போது விரிவாகப் பார்ப்போம். பி.ஏ.எஸ். என்பது இரண்டு படிகள் கொண்ட வேதிவினை. கிளைக்கோஜனில் உள்ள ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் 2ஆம், 3ஆம் கார்பன்களில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. பெர்அயோடிக் அமிலம் அந்த இரண்டு கார்பன்களுக்கும் நடுவிலுள்ள பிணைப்பை வெட்டி, இரு முனைகளையும் ஆல்டிஹைடாக மாற்றுகிறது. ஆல்டிஹைடைக் கண்டுபிடிக்க ஹூகோ ஷிஃப் 1860களிலேயே ஒரு கரைசலைக் கொடுத்துவிட்டார். ஃபுக்சின் சாயத்தைக் கந்தக டைஆக்சைடால் நிறமிழக்கச் செய்த கரைசல் அது. ஆல்டிஹைடைத் தொட்டதும் அது மறுபடி நிறம் பெற்று மெஜந்தாவாகிறது. இந்த இரண்டையும் சேர்த்துத் திசுவில் பயன்படுத்தலாம் என்று 1946இல் மெக்மேனஸ் காட்டினார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் லில்லியும் ஹாட்ச்கிஸும் தனித்தனியாக அதே வழிக்கு வந்தார்கள். பெர்அயோடிக் அமிலத்தின் நல்ல குணம், அது ஆல்டிஹைடோடு நின்றுவிடும் என்பதுதான். வேறு பல ஆக்சிஜனேற்றிகள் அதையும் தாண்டிப் போய்க் கார்பாக்சில் அமிலமாக்கிவிடும். அப்படியானால் ஷிஃப் கரைசலுக்குப் பிடிக்க எதுவும் மிஞ்சாது.

இதில் கவனிக்க வேண்டியது, வினை நடப்பது கிளைக்கோஜனைப் பார்த்து இல்லை, அடுத்தடுத்த ஹைட்ராக்சில்களைப் பார்த்து. கிளைக்கோபுரதம், இழையைச் சுற்றியுள்ள அடித்தளச் சவ்வு, ரத்தக் குழாய்ச் சுவர் எல்லாமே இளஞ்சிவப்பாக வரும். அதனால்தான் டயாஸ்டேஸ் கண்ட்ரோல் தேவைப்படுகிறது. டயாஸ்டேஸ் என்பது கிளைக்கோஜனை உடைக்கும் அமைலேஸ் நொதிதான். அடுத்தடுத்து வெட்டிய இரண்டு மெல்லிய தசைச் சீவல்களில் ஒன்றை அமைலேஸ் கரைசலில் 37 டிகிரியில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு இரண்டுக்கும் ஒன்றாகச் சாயம் போட வேண்டும். டயாஸ்டேஸ் தின்றது கிளைக்கோஜன், மிஞ்சியது மற்றவை. நீங்கள் அளக்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். வெறும் பி.ஏ.எஸ். நிறத்தை அளந்து 'கிளைக்கோஜன்' என்று பெயர் வைத்தால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்.

டயாஸ்டேஸ் வாங்கக் காசில்லையா? உமிழ்நீரே போதும் என்று பழைய கையேடுகள் சொல்லும். உண்மைதான், அதில் அமைலேஸ் இருக்கிறது. நானும் மாணவனாக இருந்தபோது ஸ்லைடு மேல் துப்பியிருக்கிறேன். வேலை செய்யும், ஆனால் ஒரு நாள் போல் மறுநாள் இருக்காது. தொற்று அபாயமும் உண்டு. கற்றுக்கொள்ளப் பரவாயில்லை, ஆய்வேட்டுக்கு வேண்டாம்.

எல்லாக் கிளைக்கோஜனும் டயாஸ்டேஸுக்கு மசியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கிளைகள் சரியாக அமையாத, நீண்ட சங்கிலிகள் கொண்ட பாலிகுளுக்கோசான் என்ற பொருள் சில நோய்களில் தசையில் தேங்கும். லஃபோரா நோய் ஓர் உதாரணம், தருய் நோயிலும் பார்க்கலாம். அது பி.ஏ.எஸ்.ஸில் பளிச்சென்று தெரியும், டயாஸ்டேஸ் போட்டாலும் போகாது. நோய் இல்லாத எலித் தசையில் உங்களுக்கு இந்தச் சிக்கல் வராது.

சரி, பெஸ்ட் கார்மைன். பெஸ்ட் என்பவர் பெயரால் 1906இல் வந்தது. கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைனைக் காரக் கரைசலில் கரைத்துப் பயன்படுத்துவது. ஹைட்ரஜன் பிணைப்புகள் மூலம் கிளைக்கோஜனோடு ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் பொதுவான விளக்கம். பார்க்க அழகான சிவப்பு. பி.ஏ.எஸ்.ஸைவிடக் குறிப்பாகக் கிளைக்கோஜனைப் பிடிக்கிறது என்பதும் ஓரளவு சரிதான். ஆனால் அதற்கும் டயாஸ்டேஸ் கண்ட்ரோல் வேண்டும். கரைசல் சீக்கிரம் கெட்டுவிடும், நிறம் நீக்கும் படியில் ஒரு நிமிடம் கூடக் குறைய ஆனால் முடிவே மாறிவிடும். அளவிடும் வேலைக்கு இது பி.ஏ.எஸ்.ஸைவிட மோசம் என்பேன். அயோடினும் உண்டு. மாவுச்சத்தை நீலமாக்கும் அதே அயோடின் கிளைக்கோஜனைச் செம்பழுப்பாக்கும். ஒரு கண்ணோட்டம் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். நண்பரிடம் நன்றி சொல்லிவிட்டு பி.ஏ.எஸ்.ஸிலேயே இருங்கள்.

உங்கள் திங்கள், வியாழன் பிரச்சினைக்கு வருகிறேன். என் அனுபவத்தில், கோளாறு பாதி நேரம் சாயத்தில் இருக்காது. சாயத்துக்கு வருவதற்கு முன்பே கிளைக்கோஜன் போயிருக்கும். எலியைப் பிடிக்கும்போது அது திமிறினால், அந்தத் திமிறலிலேயே கொஞ்சம் செலவாகிவிடும். தசையை வெட்டியெடுத்த பிறகும் அது உடனே இறந்துவிடுவதில்லை. ஆக்சிஜன் இல்லாத நிலையில் கிளைக்கோஜனை உடைத்து லாக்டேட்டாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே எல்லா எலிகளுக்கும் ஒரே மயக்க மருந்து, ஒரே வேளை, ஒரே உணவு முறை, வெட்டியதிலிருந்து உறையவைப்பது வரை ஒரே நேர இடைவெளி, அதுவும் விநாடிக் கணக்கில்.

உறையவைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தசைத் துண்டைத் திரவ நைட்ரஜனில் நேரடியாகப் போடக் கூடாது. துண்டைச் சுற்றி நைட்ரஜன் கொதித்து ஆவிப் போர்வை ஒன்று உருவாகும். அது வெப்பத்தைத் தடுத்து உறைதலை மெதுவாக்கும், தசைக்குள் பனிப் படிகங்கள் வளர்ந்து இழையெல்லாம் ஓட்டை ஓட்டையாகிவிடும். ஐசோபென்டேன் இருக்கும் உலோகக் குவளையைத் திரவ நைட்ரஜனுக்குள் இறக்கி, அடியில் வெள்ளையாக உறையத் தொடங்கும்வரை குளிரவைத்து, அதில் தசையைப் போட வேண்டும். சுமார் மைனஸ் 160 டிகிரி. நான் முதலில் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஐசோபென்டேன் தீர்ந்த ஒரு வாரம் நேராக நைட்ரஜனில் போட்டோம். அந்த வாரத்து பிளாக் (உறைந்த தசைத் துண்டு) அத்தனையிலும் சல்லடைதான். கிளைக்கோஜன் தேங்கும் நோயில் வரும் வெற்றிடங்களோ என்று ஒருவர் சந்தேகப்படும் அளவுக்கு இருந்தது.

அடுத்தது நிலைப்படுத்தல், அதாவது திசு மாறாமல் இருக்க வேதிப்பொருளால் பிடித்து வைப்பது. ஃபார்மலின் கிளைக்கோஜனைப் பிடித்து வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பிடிப்பது புரதத்தை. புரத வலைக்குள் சிக்கியதால்தான் கிளைக்கோஜன் தங்குகிறது. ஃபார்மலின் உள்ளே பரவும்போது கிளைக்கோஜன் அதன் முன்னால் தள்ளப்பட்டுச் செல்லின் ஒரு பக்கமாகப் போய் ஒதுங்குவதையும் பார்க்கலாம். கல்லீரலில் இது நன்றாகத் தெரியும். ஆல்கஹால் கலந்த நிலைப்படுத்திகள், அதாவது கார்னாய், ரோஸ்மன், ஜென்ட்ர போன்றவை, குளிரில் பயன்படுத்தினால் இந்த ஓட்டம் குறையும். உறைந்த சீவலை எடுத்து நேரே பெர்அயோடிக் அமிலத்தின் நீர்க் கரைசலில் முக்கினால் கொஞ்சம் கிளைக்கோஜன் அந்தத் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். முன்பு இதைத் தடுக்கச் சீவல் மேல் செல்லாய்டின் படலம் பூசுவார்கள். இன்று, ஆல்கஹாலில் ஃபார்மலின் கலந்து குளிரில் நிலைப்படுத்திவிட்டுப் பிறகு சாயத்துக்குப் போவது எளிது. குளூட்டரால்டிஹைடு மட்டும் வேண்டவே வேண்டாம். அது தன் ஆல்டிஹைடுகளையே திசுவில் விட்டுச் செல்லும், ஷிஃப் கரைசல் அவற்றையும் பிடித்து ஸ்லைடு முழுவதையும் சிவப்பாக்கும். சந்தேகம் இருந்தால் பெர்அயோடிக் அமிலப் படியைத் தவிர்த்து ஒரு ஸ்லைடு போட்டுப் பாருங்கள். அதில் நிறம் வந்தால் அது கிளைக்கோஜன் கிடையாது.

அப்புறம் ஷிஃப் கரைசலின் வயது. நிறமற்றதாகவோ மிக வெளிர் மஞ்சளாகவோ இருக்க வேண்டும். தானாகவே இளஞ்சிவப்பாகத் தொடங்கினால் கந்தக டைஆக்சைடு போய்விட்டது என்று அர்த்தம், கொட்டிவிடுங்கள். சோதிக்கச் சுலபமான வழி, கொஞ்சம் ஃபார்மலினில் சில சொட்டு விடுவது. உடனே சிவந்த ஊதாவானால் நல்லது. தாமதித்து, நீலம் கலந்த அடர் ஊதாவாக வந்தால் கெட்டுக்கொண்டிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் இருட்டில் வையுங்கள், பயன்படுத்தும் முன் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் வியாழக்கிழமை ஸ்லைடு வெளிறியதற்கு, குளிர்ந்த கரைசலை அப்படியே ஊற்றியதேகூடக் காரணமாக இருக்கலாம். ஷிஃப்புக்குப் பிறகு ஓடும் குழாய்த் தண்ணீரில் கழுவும் ஐந்து பத்து நிமிடத்தில்தான் நிறம் முழுதாக எழும்புகிறது. அதில் அவசரப்பட்டாலும் வெளிறும்.

இத்தனை தொல்லை இருந்தும் உடலியல் ஆய்வாளர்கள் ஏன் இந்தச் சாயத்தை விடவில்லை? வேதி அளவீட்டால் காட்டவே முடியாத ஒன்றை இது காட்டியது. 1966இல் ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரமும் ஹல்ட்மனும் தங்கள் மீதே செய்த சோதனை பிரபலமானது. ஒரே சைக்கிள் எர்கோமீட்டரின் இரு பக்கமும் இருவர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்துக் களைத்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவு. தொடைத் தசையில் ஊசி பயாப்ஸி எடுத்து வேதிமுறையில் அளந்தபோது, உழைத்த காலில் கிளைக்கோஜன் வழக்கமான அளவைத் தாண்டி ஏறியிருந்தது, சும்மா இருந்த காலில் பெரிய மாற்றமில்லை. மாரத்தான் ஓடுகிறவர்கள் பந்தயத்துக்கு முன் மாவுச்சத்து ஏற்றிக்கொள்வதற்கு மூலம் இதுதான். ஆனால் துண்டை அப்படியே முழுதாக அளந்ததால், எந்த இழை எவ்வளவு வைத்திருந்தது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

அந்த இடத்தில்தான் சாயம் நுழைகிறது. 1974இல் கோல்னிக், பீல், சால்ட்டின் ஆகியோர் வெவ்வேறு தீவிரத்தில் சைக்கிள் மிதித்தவர்களின் தசையை எடுத்து, ஒரு சீவலில் மயோசின் ஏ.டி.பி.யேஸ் வினையால் இழை வகையையும், அடுத்த சீவலில் பி.ஏ.எஸ்.ஸால் கிளைக்கோஜனையும் பார்த்தார்கள். மிதமான தீவிரத்தில் முதலில் காலியானவை முதல் வகை, அதாவது மெதுவாகச் சுருங்கும் இழைகள். நேரம் நீள நீள வேகமாகச் சுருங்கும் இரண்டாம் வகையும் வெளிறத் தொடங்கியது. உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவையும் தாண்டிய தீவிரத்தில் இரண்டு வகையும் சேர்ந்தே கிளைக்கோஜனை இழந்தன. இழைகளின் நிறத்தை அவர்கள் எண்ணாகக்கூட அளக்கவில்லை. அடர்த்தி, நடுத்தரம், வெளிறல், நிறமே இல்லை என்று கண்ணால் தரம் பிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்கும் முந்தைய ஒரு சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். ஒரு நரம்பு இழை தசையில் எந்தெந்த இழைகளை இயக்குகிறது என்று கண்டுபிடிப்பது கடினம், பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். 1968இல் எட்ஸ்ட்ரமும் குகெல்பெர்கும் எலியின் முன்காலெலும்புத் தசைக்குப் போகும் ஒரே ஒரு நரம்பு இழையை மட்டும் மீண்டும் மீண்டும் தூண்டினார்கள். அதன் கட்டுப்பாட்டில் இருந்த தசை இழைகள் மட்டும் உழைத்துக் களைத்துக் கிளைக்கோஜனைத் தீர்த்தன. பிறகு பி.ஏ.எஸ். போட்டால் சிவந்த வயலுக்குள் வெள்ளைப் புள்ளிகளாக அந்த இழைகள் தனித்துத் தெரிந்தன. ஒரே கொத்தாக இல்லாமல், மற்ற இழைகளுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. நிறம் இல்லாததே அடையாளமாகிவிட்டது.

உங்களுக்கு எண் வேண்டும், தெரிகிறது. பி.ஏ.எஸ். நிறத்தின் ஒளி அடர்த்தியை இழைக்கு இழை ஒளிமானியால் அளந்து வெல்லஸ்டாடும் அவர் சகாக்களும் 1980களிலேயே மனிதத் தசையில் பயன்படுத்தினார்கள். அதையே நீங்கள் கேமராவால் செய்யலாம், சில நிபந்தனைகளோடு. மெஜந்தா பச்சை ஒளியை விழுங்கும் நிறம். எனவே பச்சை வடிகட்டி போடுங்கள் அல்லது படத்தின் பச்சை அலைவரிசையை மட்டும் எடுங்கள். கேமராவின் தானியங்கி வெளிச்ச அமைப்பையும் வெள்ளைச் சமநிலையையும் அணைத்துவிடுங்கள். இதை மறந்தால், வெளிறிய ஸ்லைடைக் கேமரா தானே 'சரிசெய்து' தந்துவிடும், உங்கள் வித்தியாசம் காணாமல் போய்விடும். ஜே.பெக். ஆகச் சேமிக்காதீர்கள். திசு இல்லாத வெற்றிடத்தைப் படமெடுத்து அதைத் தொடக்க ஒளியாக வைத்து, ஒவ்வொரு இழையின் ஒளியையும் அதனோடு வகுத்து மடக்கை எடுங்கள். அந்த ஒளி அடர்த்திதான் சாயத்தின் அளவோடு நேர்விகிதத்தில் போகும், வெறும் சாம்பல் மதிப்பு போகாது. மிக அடர்ந்த இழைகளில் அதுவும் ஒரு கட்டத்தில் தேங்கிவிடும், அதனால் சாயத்தைக் கொஞ்சம் வெளிறலாகவே வையுங்கள். அளக்கும் ஸ்லைடுகளுக்கு ஹிமடாக்சிலின் எதிர்ச்சாயம் போடாதீர்கள். நீலம் உங்கள் கணக்கைக் குழப்பும்.

சீவலின் தடிமன்தான் பெரிய எதிரி. உறைந்த திசுவைச் சீவும் கருவியான கிரையோஸ்டாட்டில் 10 மைக்ரான் என்று வைத்தாலும் வருவது 9ஆகவும் இருக்கும், 11ஆகவும் இருக்கும். தடிமன் பத்து சதவீதம் கூடினால் ஒளி அடர்த்தியும் பத்து சதவீதம் கூடும், கிளைக்கோஜன் அப்படியே இருந்தாலும். ஒரே சீவலுக்குள் இழையை இழையோடு ஒப்பிட்டால் இந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப்போகும். இதை உங்கள் சோதனைக்கே பயன்படுத்திக்கொள்ளலாம். நீந்தாத எலியின் தசை, நீந்திய எலியின் தசை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பிளாக்காக உறையவையுங்கள். ஒரே கத்தி, ஒரே தடிமன், ஒரே ஸ்லைடு, ஒரே சாயக் குளியல். திங்களா வியாழனா என்ற பிரச்சினையே எழாது. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள யோசனை இதுதான். இதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

ஆனாலும் அந்த எண் 'இதைவிட அது எத்தனை மடங்கு' என்று மட்டும் சொல்லும். கிராமுக்கு எவ்வளவு என்று எழுத வேண்டுமானால் வேதிமுறைக்குப் போக வேண்டும். வசதி இல்லை என்றீர்கள். உண்மையில் பெரிய வசதி தேவையில்லை. தசைத் துண்டை 30 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கொதிக்கவைத்தால் புரதம் கரையும், கிளைக்கோஜன் தாங்கிக்கொள்ளும். ஜெர்மன் உடலியலாளர் ஃப்ளூகர் காலத்து வழி. எத்தனாலில் வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் ஆந்த்ரோன் என்ற வினைப்பொருளைச் சேர்த்தால் நீலப்பச்சை வரும், 620 நானோமீட்டரில் படிக்கலாம். ஆந்த்ரோனும் கலரிமீட்டரும் நம் ஊர்க் கல்லூரி உயிர்வேதியியல் துறைகளில் அரிதான பொருள்கள் அல்ல. இன்னொரு வழி, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிநீரில் இரண்டு மணி நேரம் வைத்துக் குளுக்கோஸாக்கி, நடுநிலையாக்கி, ரத்தச் சர்க்கரைக்குப் பயன்படும் நொதிக் கிட்டாலேயே அளப்பது. கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் முன்பே நீக்கிவிடுங்கள், எடை தப்பாமல் இருக்க. வந்த எண் நியாயமானதா என்று பார்க்க ஓர் ஒப்பீடு: ஓய்வில் இருக்கும் மனிதத் தொடைத் தசையில் கிலோ ஈர எடைக்கு ஏறத்தாழ 80 முதல் 150 மில்லிமோல் குளுக்கோஸ் அலகுகள் இருக்கும், அதாவது எடையில் ஒன்று முதல் இரண்டரை சதவீதம். எலியில் அதைவிடக் குறைவாக வந்தால் பதறாதீர்கள்.

இரண்டையும் இணைக்கவும் முடியும். ஒரே தசையைப் பாதியாக்கி ஒரு பாதியை வேதிமுறைக்கும் மறுபாதியை அந்தக் கூட்டு பிளாக்குக்கும் கொடுங்கள். வேதிமுறையில் அளவு தெரிந்த மூன்று நான்கு தசைகள் ஒவ்வொரு ஸ்லைடிலும் இருந்தால், ஒளி அடர்த்தியை உண்மையான அளவாக மாற்ற ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். கோடு நேராக வராவிட்டால் சாயம் தேங்கிவிட்டது, ஷிஃப் நேரத்தைக் குறையுங்கள்.

மற்றொன்று, மைக்ரோஸ்கோப்பில் நீங்கள் பார்ப்பது கிளைக்கோஜன் துகளை அல்ல. துகள் ஒன்று சுமார் 25 நானோமீட்டர்தான் இருக்கும், ஒளி நுண்ணோக்கியின் எல்லை 200 நானோமீட்டருக்கு அருகில். இழையின் சவ்வுக்குக் கீழே, தசைநுண்ணிழைகளுக்கு நடுவே, அவற்றுக்கு உள்ளே என மூன்று இடங்களில் கிளைக்கோஜன் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். உங்கள் திட்டத்துக்கு அது வேண்டியதில்லை.

எந்தத் தசையை எடுப்பது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கெண்டைக்காலிலுள்ள சோலியஸ் தசையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எலியில் அதில் பெரும்பாலும் முதல் வகை இழைகள்தான், இரண்டாம் வகை என்ன செய்தது என்று தெரியாமலே போய்விடும். காலின் முன்பக்கத்தில் விரல்களை நீட்டும் நீண்ட தசையையும் சேர்த்து எடுங்கள், அதில் இரண்டாம் வகை மிகுதி. கூட்டு பிளாக்கில் நான்கு துண்டுகள் ஆயின: நீந்தாததின் இரண்டு, நீந்தியதின் இரண்டு. எது எதுவென்று பிறகு குழம்பாமல் இருக்க, ஒரு மூலையில் கல்லீரல் துண்டு ஒன்றைத் திசை அடையாளமாக வையுங்கள். நன்றாகத் தின்ற எலியின் கல்லீரலாக இருந்தால் அது பி.ஏ.எஸ். வேலை செய்ததா என்பதற்கும், டயாஸ்டேஸ் ஸ்லைடில் நிறம் போனதா என்பதற்கும் சாட்சியாக இருக்கும்.